வாப்பாவுக்குத் தொய்வு என்று விட்டுவிடாதீர்கள்

பல வருஷம் பீடி இழுத்த வாப்பாவுக்குக் கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்குகிறது. "தொய்வுதானே, வயசுக்கு வாறது" என்று புல்மோட்டையில் பல வீடுகளில் விட்டுவிடுகிறோம். புகையே குடிக்காத உம்மாமாரும் விறகடுப்புப் புகையில் இதே நிலைக்கு வருகிறார்கள். இவர்களில் சிலருக்கு இருப்பது எம்பிசீமா. நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளின் சுவர்கள் அழிந்து, பல பைகள் ஒன்றாகிப் பெரிய வெற்றுப் பைகளாகிவிடும். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது.

அழிந்த சுவரை எந்த மருந்தும் திருப்பித் தராது. முற்றாகக் குணமாக்குவோம் என்று லேகியம் விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். அதற்காக, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று படுத்துக்கிடப்பதும் தப்பு.

முதலில் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் பலமாக ஊதும் சோதனையைக் கேளுங்கள். மருந்து இழுத்த பிறகும், முதல் செக்கனில் ஊதிய காற்று மொத்தத்தில் 70 வீதத்துக்குக் குறைந்தால் அடைப்பு நிரந்தரமானது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். சோதனை இங்கே இல்லையென்றால் திருகோணமலை மார்பு நோய் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 50 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போவது சிரமம்தான், ஆனாலும் போங்கள். தூசியில் வேலை செய்தவர் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருந்துகளுக்கெல்லாம் முன்னே நிற்பது பீடியை விடுவது. உதவிக்கு 1948 என்ற இலக்கம் இருக்கிறது. அடுத்தது பம், அதாவது வாயில் வைத்து இழுக்கும் மருந்து. பலர் அதை நாக்கில் அடித்து வீணாக்குகிறார்கள். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் இறுக்கி வைத்து, மெதுவாக இழுக்கும்போதே அமர்த்தி, 10 செக்கன் அடக்க வேண்டும். கப்சூல் போட்டு இழுக்கும் கருவிக்கு இது நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். கப்சூலை விழுங்கிவிடாதீர்கள். பிரெட்னிசலோன் குளிசையைத் துண்டில்லாமல் பாமசியில் வாங்கித் தொடர்ந்து போடுவது சீனியைக் கூட்டும், எலும்பைக் கரைக்கும்.

இரத்த ஒட்சிசன் மிகக் குறைந்தவர் வீட்டில் நாளுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் ஒட்சிசன் எடுத்தால் ஆயுள் நீளும். டொக்டர் சொன்ன அளவைக் கூட்டக்கூடாது, கரியமில வாயு தேங்கும். பக்கத்தில் நெருப்பே ஆகாது.

சேதம் நுரையீரலின் மேற்பகுதியில் மட்டும் இருந்து, நடக்கும் தெம்பும் குறைந்த சிலருக்கு, கெட்ட பகுதியை வெட்டும் சத்திரசிகிச்சை உதவும் என்று 2003இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நுரையீரல் மிக மோசமானவர்களுக்கு அதுவே உயிராபத்து என்றும் அதே ஆய்வு எச்சரித்தது. யாருக்கு எது என்பதை ஸ்கேன் பார்த்து வெலிசறை வைத்தியசாலை போன்ற பெரிய இடத்து நிபுணர்தான் முடிவெடுக்க வேண்டும்.

வைத்தியசாலையில் பம் இல்லை என்று திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இருப்பு விபரத்தைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திடீரென ஒரு பக்க நெஞ்சு குத்தி மூச்சு முட்டினால், உதடு நீலம் பாய்ந்தால், வாகனம் தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை.