பாட்டியின் பீப்பா
கொண்டதும் கொடுத்ததும் – 14

இந்த வாரம் சேவை வணிகம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதவில்லை. திங்கட்கிழமை ராத்திரி ஒரு பீப்பாய் குறுக்கே உருண்டு வந்துவிட்டது.

முன்கதை இரண்டே வரி. 1703 டிசம்பர் 27 அன்று லிஸ்பனில் இங்கிலாந்தின் தூதர் ஜான் மெத்யுவன் போர்ச்சுகலோடு ஒப்பந்தம் போட்டார். இங்கிலாந்துக் கம்பளித் துணியைப் போர்ச்சுகல் உள்ளே விட வேண்டும். பதிலுக்கு, பிரெஞ்சு ஒயினுக்கு வாங்கும் தீர்வையில் மூன்றில் ஒரு பங்கைப் போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்து குறைத்துக்கொள்ளும். மெத்யுவனின் அப்பா துணி வியாபாரி என்பதைச் சொல்லிப் போன வாரமே சிரித்தாயிற்று. மற்றதற்குப் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மொத்தம் மூன்றே ஷரத்து. நான் குடியிருக்கும் வீட்டு வாடகைப் பத்திரம் இதைவிட நீளம். அதை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது ஷரத்தில் கண் நின்றது. ஒயின் ‘பைப்’பில் வந்தாலும் சரி, ‘ஹாக்ஸ்ஹெட்’டில் வந்தாலும் சரி, வேறு எந்தக் கலனில் வந்தாலும் சரி, சலுகை உண்டு என்கிறது. பைப் என்றால் இங்கே குழாய் இல்லை, பெரிய மரக்கலன். போர்ச்சுகீசியர் அதற்கு என்ன சொல்வார்கள் என்று பார்த்தேன். பீப்பா.

எங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பிடித்துவைக்க ஒரு தகரப் பீப்பாய் இருந்தது. பாட்டி அதை வாய் நிறையப் ‘பீப்பா’ என்பாள். ஐந்தாம் வகுப்புப் படித்த மேதையான நான், “பீப்பா இல்ல பாட்டி, பீப்பாய்” என்று திருத்துவேன். “போடா, நீயும் உன் ஆயும்” என்பாள். அவள் சொன்னது அச்சு அசலான லிஸ்பன் உச்சரிப்பு. கடைசியில் ஒரு ‘ய்’ ஒட்டவைத்தது நாம்தான். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள் என்பது தெரிந்த கதை. ஆனால் இந்தத் தொடர் பதின்மூன்று வாரமாகச் சுற்றிச்சுற்றி வந்த சரக்கின் பெயர் எங்கள் கொல்லையிலேயே கிடந்திருக்கிறது என்று தெரிந்தபோது, சத்தியமாக எழுந்து நின்றுவிட்டேன்.

ஆகவே பீப்பாய். போர்ச்சுகலின் டூரோ நதிப் பள்ளத்தாக்கில் திராட்சை விளைவிப்பவர் கணக்கில் ஒரு பீப்பாய் 550 லிட்டர். அதே பீப்பாய் ஏற்றுமதிக் கணக்குக்கு வந்தால் 534.24 லிட்டர். அந்தப் புள்ளி இரண்டு நான்கை எந்தக் குமாஸ்தா விடாப்பிடியாக எழுதிவைத்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. 550-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒயினே இல்லை, திராட்சைச் சாராயம். சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதை ஊற்றினால் நொதிப்பு நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். இதுதான் இன்றைய போர்ட் ஒயின். தொடக்கத்தில் சாராயம் சேர்த்தது ருசிக்காக இல்லை, கடல் பயணத்தில் சரக்கு கெடாமலிருக்க. இனிப்புப் பாணி பின்னால்தான் நிலைபெற்றது.

‘ரிக்கார்டோ எப்போது வருவார்?’ என்று பொருளாதார ஆசிரியர் ஒருவர் மூன்று வாரமாகக் கடிதம் போடுகிறார். இதோ வந்துவிட்டார், ஐயா, இங்கிலாந்தின் பொருளாதார மேதை. 1817-இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தப் பிரசித்தி பெற்ற கணக்கு: குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் ஒரு வருஷத்துக்கு 100 ஆள், போர்ச்சுகலில் 90, ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியிருந்தும் அது ஒயினை மட்டும் செய்து துணியை வாங்கிக்கொண்டால் இருவருக்கும் லாபம். நாமெல்லாம் பரீட்சைக்கு உருப்போட்டது. ரிக்கார்டோவின் முன்னோர் போர்ச்சுகலிலிருந்து வந்த யூதர்கள் என்பதை மட்டும் பாடப் புத்தகம் சொல்லாது.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அவர் அதைப் போடும்போது ஒப்பந்தத்துக்கு 114 வயது. ஆள் கணக்குப் பார்த்தா லண்டன்காரர் போர்ட்டுக்கு மாறினார்? அவருக்குப் பிடித்தது பிரான்சின் போர்தோ ஒயின். பிரான்சோடு சண்டை, தலைக்கு மேல் தீர்வை, அதனால் கோப்பை மாறியது. இன்னொன்று, விற்ற ஒயின் வாங்கிய துணிக்கு ஈடாகவில்லை. பாக்கியைப் போர்ச்சுகல் பிரேசில் தங்கமாகக் கொடுத்தது. மொய்டோர் என்ற போர்ச்சுகல் பொற்காசு இங்கிலாந்தின் மேற்கு மாவட்டக் கடைகளில் 27 ஷில்லிங்குக்குச் சர்வ சாதாரணமாகப் புழங்கியது. ரிக்கார்டோவின் அந்த நான்கு எண்களில் இந்தத் தங்கம் எங்கும் இல்லை.

ஒயின் வியாபாரமே பெரும்பாலும் போர்ட்டோ நகரத்து ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. 1785-இல் தொடங்கி 1790-இல் அவர்கள் கட்டி முடித்த சங்கக் கட்டடத்துக்கு ஃபேக்டரி ஹவுஸ் என்று பெயர். அதில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு சாப்பாட்டு அறைகள். முதல் அறையில் சாப்பிட வேண்டியது. பிறகு கைத்துண்டோடு எழுந்து, அடுத்த அறையில் அதே இடத்து நாற்காலியில் போய் உட்கார வேண்டியது. போர்ட் குடிக்கும்போது குழம்பு வாசனை குறுக்கே வரக்கூடாதாம்!

இவர்கள் விலையை அடிக்கிறார்கள் என்று விவசாயிகள் புகார்; எல்டர்பெர்ரிச் சாற்றைக் கலந்து நிறமேற்றுகிறார்கள் என்று இவர்கள் புகார். 1756-இல் போர்ச்சுகலின் முதன்மை அமைச்சர், பின்னாளில் மார்க்கி டி பொம்பால் என்று பட்டம் பெற்றவர், தனியாக ஒரு கம்பெனியை நிறுவி, எந்த நிலத்து ஒயின் ஏற்றுமதியாகலாம் என்று எல்லை போட்டுக் கருங்கல் நட்டார். எல்டர் மரங்களையும் வேரோடு பிடுங்கச் சொன்னார். மறு வருஷமே போர்ட்டோவில் மதுக்கடைக்காரர் கலகம் வெடித்தது, பலரைத் தூக்கில் போட்டார்கள். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டரை மட்டும் தள்ளிப்போட மனசில்லை. ஆங்கிலேய ஒயின் வியாபாரி. சாராயம் சேர்ப்பதே அக்கிரமம் என்று 1844-இல் துண்டுப் பிரசுரம் போட்டுத் தன் கூட்டத்தையே பகைத்துக்கொண்டவர். டூரோ நதியைச் சுழி சுழியாக அளந்து வரைபடம் போட்டவர். போர்ச்சுகல் அவருக்குப் ‘பாரன்’ என்ற பிரபுப் பட்டம் கொடுத்தது. 1861 மே மாதம் வலேய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போன டோனா அந்தோனியா ஃபெரெய்ரா, டூரோவின் பெரிய திராட்சைத் தோட்டக்காரி, பிழைத்துக்கொண்டார். குடைபோல் விரிந்த பாவாடை அவரை மிதக்கவைத்ததாகவும், இடுப்பில் கட்டியிருந்த பணப்பை ஃபாரஸ்டரை அடியில் இழுத்துவிட்டதாகவும் அந்தப் பக்கத்தில் இன்றும் கதை சொல்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை.

ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். பக்கமும் முடிந்தது. அடுத்த வாரம் நிச்சயம் சேவை வணிகம்: லிஸ்பனுக்கும் இங்கிலாந்தின் ஃபால்மத்துக்கும் ஓடிய தபால் கப்பலிலிருந்து ஆரம்பிக்கிறேன். போர்ச்சுகலிலிருந்து தங்கம் வெளியே போகக் கூடாது என்று சட்டம். தபால் கப்பலைச் சோதனை போடும் வழக்கம் கிடையாது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்பதை அதுவரை யோசித்துக்கொண்டிருங்கள்.

(தொடரும்)