மாற்று கேட்சர் வென்ற நான்கு கோப்பைகள்

அமெரிக்க பேஸ்பாலின் மேல்நிலை லீக்கில் 9 பருவங்கள் இருந்தும் புரூஸ் போச்சி ஆடியது 358 ஆட்டங்கள்தான். ஒரு பருவத்துக்கே 162 ஆட்டம் நடக்கும் விளையாட்டு அது. ஹூஸ்டன், நியூயார்க் மெட்ஸ், சான் டியேகோ என எங்கு போனாலும் அவர் மாற்று கேட்சர்தான்.

கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல பேட்டருக்குப் பின்னால் குந்தியிருப்பவர் கேட்சர். பொறுப்போ பல மடங்கு. அடுத்த பந்து எப்படி, எங்கே வரவேண்டும் என்று பந்து வீசும் பிட்சருக்கு, போச்சி ஆடிய காலத்தில், விரலால் சைகை காட்டுவார். முழங்காலைத் தேய்க்கும் வேலை என்பதால் எல்லா அணியிலும் இன்னொருவர் இருப்பார். வாரத்தில் ஓரிரு நாள் ஆடி, மற்ற நாட்களில் பிட்சர்களின் பயிற்சிப் பந்துகளைப் பிடித்துக்கொண்டிருப்பார். எவர் கை சோர்ந்திருக்கிறது, எவர் மனம் கலங்கியிருக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். போச்சியின் பிற்கால வெற்றிகளுக்கு வேர் இங்கேதான் என்பேன்.

1987-ல் ஆட்டக்காலம் முடிந்தது. கீழ்நிலை அணிகளைப் பழக்கினார். சான் டியேகோவில் மூன்றாம் பேஸ் பயிற்சியாளரானார். 1995-ல் அதே அணிக்கு மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர். 2007-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போனார். 1958-ல் அந்த நகருக்குக் குடிவந்ததிலிருந்து ஓர் இறுதித் தொடர்க் கோப்பைகூட வெல்லாத அணி அது. அவர் தலைமையில் 2010, 2012, 2014 என மூன்று முறை வென்றது.

2014 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இடம் கான்சாஸ் சிட்டி. ஐந்தாவது ஆட்டம் முழுவதையும் தனியாளாக வீசியிருந்த ஜயன்ட்ஸ் பிட்சர் மேடிசன் பம்கார்னருக்கு இடையில் கிடைத்தது இரண்டு நாள் ஓய்வு. 3-2 என்ற முன்னிலையில், ஐந்தாவது இன்னிங்ஸில் அவரை இறக்கிய போச்சி கடைசிவரை மாற்றவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் எதிரணி ஆள் ஓடி வந்தால் ஆட்டம் சமனாகும் நிலையில் மூன்றாம் பேஸில் நின்றபோதும் அசையவில்லை. சோர்ந்த கையையும் சோராத கையையும் பிரித்தறிந்த கண் அது. ஐந்து இன்னிங்ஸில் ஒரு ரன்கூட விடாமல் முடித்தார் பம்கார்னர்.

2019-ல் விலகிய போச்சியை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் திரும்ப அழைத்துவந்தது. 2010 இறுதித் தொடரில் அவரிடமே தோற்ற அணி. 2023-ல், அவரது 68-வது வயதில், அந்த அணி தன் வரலாற்றின் முதல் கோப்பையை வென்றது.