வீட்டுத் தரகர் ஆக விரும்புகிறீர்களா?

பத்திரம் படிக்கத் தெரிந்தவருக்கே இந்தத் தொழில் கை கொடுக்கும்!

கடை வேண்டாம். சரக்கு வேண்டாம். ஒரு செல்போனும் ஒரு ஸ்கூட்டரும் இருந்தால் போதும். நாளைக்கே வீட்டுத் தரகர் ஆகி விடலாம்!

இப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், டீக்கடை நடத்துபவர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், குடும்பத்தைக் கவனித்துக் கொண்டே சம்பாதிக்க விரும்பும் பெண்கள் என்று எல்லோரும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள்.

வருவது சுலபம். நிலைத்து நிற்பதுதான் கஷ்டம்.

காரணம் என்ன? தரகர் கைமாற்றி விடுவது கத்தரிக்காய் அல்ல. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு. மனைவியின் நகை, பிராவிடண்டு பண்டு, 20 வருட பாங்கிக் கடன் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு மனை. அதில் வில்லங்கம் வந்தால் தரகருக்குக் கெட்ட பெயர். வாங்கியவருக்கோ வாழ்க்கையே போய் விடும்.

வருமானம் எப்படி?

வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தால், ஒரு மாத வாடகை வாங்குவது பல ஊர்களில் வழக்கம். விற்பனை என்றால் விலையில் 1 சதவீதம் அல்லது 2 சதவீதம் என்று பேசிக் கொள்கிறார்கள்.

30 லட்சம் ரூபாய் வீடு ஒன்று முடிந்தால், 1 சதவீதத்துக்கு 30 ஆயிரம் ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வீட்டை முடிக்க எத்தனை பேரைக் கூட்டிக் கொண்டு அலைய வேண்டும்? பெட்ரோல் செலவு யார் கொடுப்பது? முடியும் தறுவாயில் "ஜாதகப்படி இந்த வாசல் ஆகாது" என்று ஒருவர் சொல்லி விட்டால், இரண்டு மாத உழைப்பும் வீண்தான். சில சமயம் இரண்டு மூன்று தரகர்கள் சேர்ந்து முடிப்பார்கள். அப்போது தரகுப் பணத்தையும் பங்கு போட வேண்டும்.

எனவே புதிதாக வருபவர், ஆறு மாதக் குடும்பச் செலவுக்குப் பணம் வைத்துக் கொண்டு இறங்குவது நல்லது. வீட்டில் அடுப்பு எரியாத நேரத்தில்தான் மனிதன் பொய் சொல்லத் துணிகிறான்.

பதிவு செய்ய வேண்டுமா?

2016-ம் ஆண்டில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2017 மே 1-ந் தேதி முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதற்கென ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்றாலும், 8-க்கு மேல் அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்றாலும் அந்தத் திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த மனைகளையும் வீடுகளையும் விற்றுக் கொடுக்கும் தரகரும் தன் பெயரைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது.

பதிவு செய்யாமல் விற்றுக் கொடுத்தால், நாள் ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம்! அது ஏறிக் கொண்டே போய், மனை விலையில் 5 சதவீதம் வரை எட்டலாம்.

ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பதும், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதும் இந்தப் பதிவுக்குள் வருவதில்லை. ஆகவே பலர் அங்கேதான் தொழிலைத் தொடங்குகிறார்கள்.

அளவு தெரிய வேண்டும்

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். பட்டாவில் ஹெக்டேர் கணக்கு இருக்கும். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர்.

இந்தக் கணக்கு விரல் நுனியில் இல்லாத தரகரை விற்பவரும் ஏமாற்றுவார், வாங்குபவரும் நம்ப மாட்டார்.

பத்திரச் செலவையும் முதலிலேயே சொல்லி விட வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைக்கப்பட்டது. 30 லட்சத்துக்கு இது 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். விலை பேசி முடித்த பிறகு இதைச் சொன்னால், வாங்குபவர் திகைத்துப் போவார்.

முதலில் காகிதம், பிறகு வீடு!

புதுத் தரகர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதலில் வீட்டைக் காட்டுவார்கள். வாங்குபவரின் மனைவிக்குச் சமையல் அறை பிடித்து விடும். குழந்தைகள் மாடிக்கு ஓடி விடும். அதன் பிறகு பத்திரத்தில் குறை இருந்தாலும், அதைச் சொல்லத் தரகருக்கு வாய் வராது.

கெட்டிக்காரத் தரகர் முதலில் காகிதத்தைக் கேட்பார். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது இவை வேண்டும். பதிவுத் துறையின் இணைய தளத்தில் வில்லங்கத்தைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம். வருவாய்த் துறை இணைய தளத்தில் பட்டாவைப் பார்க்கலாம்.

பத்திரத்தில் ஒரு சர்வே எண், பட்டாவில் வேறு எண் என்றால், அங்கேயே நிற்க வேண்டும். வெறும் பவர் பத்திரத்தைக் காட்டி "இடம் என்னுடையது" என்று ஒருவர் சொன்னாலும் நம்பக் கூடாது. பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கையெழுத்துப் போடாத தங்கை

வில்லங்கச் சான்றில் எல்லாம் தெரிந்து விடாது. பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். வீட்டுக்குள் இருக்கும் பங்காளிச் சண்டை வராது.

தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டத் திருத்தம், இந்துக் குடும்பங்களில் அப்போது மணமாகாமல் இருந்த மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது. மணமான மகளுக்கும் சம உரிமை கிடைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே விற்று முடிந்த சொத்துக்கும், முறைப்படி பாகம் பிரித்த சொத்துக்கும் மட்டும் இந்தத் திருத்தம் பொருந்தாது.

ஆகவே பூர்வீகச் சொத்தை அண்ணன் தம்பி இருவர் மட்டும் விற்க வந்தால், தரகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "உங்களுக்கு அக்கா, தங்கை உண்டா?" கல்யாணம் ஆகி வெளியூரில் இருக்கும் தங்கை, பின்னால் கோர்ட்டுக்குப் போனால் அவதிப்படுபவர் வாங்கியவர்தான். அந்தத் தங்கையின் உரிமையும் அநியாயமாகப் பறிபோகக் கூடாது.

விற்கக் கூடாத நிலம்

புறம்போக்கு, ஏரி, குளம், கோவில் நிலம் இவற்றின் பக்கம் தரகர் போகவே கூடாது. பஞ்சமி நிலமும் அப்படித்தான். 1892-ல் அன்றைய சென்னை அரசு ஆணை போட்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. அதை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. "விலை மலிவு" என்று யாராவது சொன்னால், ஏன் மலிவு என்று விசாரிக்க வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத மனையும் ஆபத்து. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்ற பேச்சை நம்பி மனை வாங்கியவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை ஐகோர்ட்டு தடை விதித்தது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்த குடும்பங்கள் தவித்துப் போயின. 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்றப் பகுதிகளில் டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது தரகரின் முதல் கடமை.

பணம் கை மாறும்போது

முன்பணம் தரகர் கையில் தங்கக் கூடாது. வாங்குபவரிடம் இருந்து விற்பவருக்கு நேராகப் போக வேண்டும். நிலம், வீடு விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015-ல் இருந்து தடுக்கிறது. பாங்கி மூலம் கொடுத்தால் இருவருக்கும் பாதுகாப்பு.

ஆணையத்தில் பதிவான திட்டம் என்றால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனத்தார் வாங்கக் கூடாது. இதை வாங்குபவருக்குச் சொல்வது தரகரின் வேலை.

தரகு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதையும் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக் கொண்டால், கடைசியில் சண்டை வராது.

"வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?

எல்லாம் கற்றுக் கொண்ட பிறகும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. வாங்குபவர் தயார். விற்பவரும் தயார். தரகுப் பணம் 30 ஆயிரம் ரூபாய் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தாய்ப் பத்திரத்தில் ஒரு குறை.

"இந்த வீடு வேண்டாம் ஐயா, முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்" என்று சொல்லும் தரகருக்கு அன்று நஷ்டம்தான். ஆனால் காப்பாற்றப்பட்ட அந்தக் குடும்பம், அதைத் தன் உறவினர்களிடம் சொல்லும். பக்கத்து வீட்டில் சொல்லும். அடுத்த முறை வீடு தேடுபவர்கள் அந்தத் தரகரைத் தேடி வருவார்கள். விளம்பரம் கொடுத்து வாங்க முடியாத நற்பெயர் அது.

செல்போனையும் ஸ்கூட்டரையும் யார் வேண்டுமானாலும் வாங்கி விடலாம். 30 ஆயிரம் ரூபாய் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்லும் துணிவு உள்ளவர், இந்தத் தொழிலுக்குத் தைரியமாக வரலாம்!