தமிழில் வாசிப்பு இடர்ப்பாட்டை மதிப்பிடுதல்: மொழிபெயர்த்த சோதனைகளும் அவற்றின் எல்லையும்

தொடக்கப்பள்ளிக் குழந்தையின் வாசிப்பு இடர்ப்பாட்டைக் கண்டறியும் சோதனைகளில் பல ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டு உருவானவை. அவற்றைத் தமிழில் பெயர்க்கும்போது சொற்கள் மாறுகின்றன. எது பிழை என்னும் கணக்கு மட்டும் மூலமொழிக்குரியதாகவே நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைப் பேச்சு அல்லது எழுத்து மொழியைக் கையாள்வதில் உள்ள குறையாகவே வரையறுக்கிறது. குறை மொழியில் வெளிப்படுமாயின், அதனை அளக்கும் கருவியும் அம்மொழியின் இயல்பையொட்டி அமைதல் வேண்டும். இல்லையேல், குறையில்லாத குழந்தை முத்திரை குத்தப்படும். உதவி தேவைப்படும் குழந்தை கண்ணுக்குத் தப்பிவிடும்.

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 'வீட்டிற்கு வந்தது' என்பதை 'வீட்டுக்கு வந்துச்சு' என்று படிப்பதாகக் கொள்ளலாம். மொழிபெயர்த்த மதிப்பீட்டுத்தாள் இதனை இரண்டு பிழைகளாக எண்ணும். உண்மையில் அக்குழந்தை எழுத்துகளைக் கூட்டி, பொருளை உணர்ந்து, எழுத்து வழக்கின் உருபுகளைத் தன் பேச்சு வழக்கின் உருபுகளாக மாற்றியிருக்கிறது. வாசிக்கத் தெரியாத குழந்தையால் இது இயலாது. 'பழம்' என்பதைப் 'பளம்' என ஒலிப்பது வட்டார வழக்கைச் சாரும். 'மரம்' என்பதை 'மறம்' என எழுதுவதும் தனித்து நோக்கின் சான்றாகாது. பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்ட ரகர றகர வேறுபாட்டைப் பெரியவர்களும் எழுத்தில் தவறவிடுவதுண்டு.

கவனிக்க வேண்டிய பிழைகள் வேறிடத்தில் உள்ளன. 'கொடு' என்பதைக் 'கெடு' என்று தொடர்ந்து படிக்கும் குழந்தை, இடப்புறக் கொம்பைக் கண்டு வலப்புறக் காலை அதனோடு இணைக்கத் தவறுகிறது. 'பெண்' என்று எழுதுகையில் கொம்பைப் பகரத்திற்குப் பின் இடுவதும் இத்தகையதே: ஒலியில் பின்வரும் உயிர் எழுத்தில் முன்வருகிறது. கு, சு, து ஆகியவற்றில் உகரக் குறி மூன்று வடிவம் கொள்கிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஆகார, ஐகார வரிசைகளின் சில வடிவங்களை ஒழுங்குபடுத்தியதேயன்றி உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. எனவே இரண்டாம் வகுப்பில் இவ்வெழுத்துகள் கைவராமை இயல்பு. நான்காம் வகுப்பிலும் நீடித்தலே குறிப்பிடத்தக்கது. கன்னடக் குழந்தைகளைப் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும், இவ்வகை எழுத்துமுறையைக் கற்றல் பல ஆண்டுகள் நீள்வதைக் காட்டியது. ஆங்கிலத்திற்குரிய வயது வரம்பை அப்படியே கொள்வது பொருந்தாது.

வல்லின எழுத்துகளின் இடஞ்சார் ஒலிப்பை விலக்கிப் பார்த்தால், தமிழில் எழுத்திலிருந்து ஒலியைப் பெறுவது பெரிதும் நேரானது. ஆகவே இடர்ப்பாடுள்ள குழந்தையும் காலப்போக்கில் பிழையின்றிப் படித்துவிடக்கூடும். ஆனால் எழுத்தெழுத்தாக, மிக மெதுவாகப் படிக்கும். ஒலியும் எழுத்தும் நெருங்கியியையும் ஜெர்மன் மொழியில் ஹைன்ஸ் விம்மர் 1993இல் கண்டது இதுவே. பிழைகளை மட்டும் எண்ணும் சோதனையில் இக்குழந்தை தேறிவிடும். தமிழ்ச் சோதனையில் நேர அளவு கட்டாயம் இடம்பெற வேண்டுவதன் காரணம் இது.

மொழிபெயர்ப்பாளருக்குப் பெருஞ்சிக்கல் தருவன ஒலியுணர்வுப் பகுதிகள். 'பல்' என்பதில் 'ப்' நீக்கி எஞ்சியதைச் சொல் என்று கேட்டால், உயிர்மெய்யை ஓரலகாகக் கற்ற குழந்தை திகைக்கும். 'பறவை' என்பதில் 'ப' நீக்கச் சொன்னால் எளிதில் விடை கூறும். முன்னதில் தவறுவதைக் குறையாகக் கொள்வதற்குமுன் பின்னதையும் கேட்டறிதல் வேண்டும். பொருளற்ற சொற்களைப் படிக்கச் செய்யும் பகுதியைப் பெயர்ப்பதற்கே வழியில்லை. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளின் வரம்புக்குட்பட்டுப் புதிதாகவே புனைதல் வேண்டும். 'தபுகி' எனப் புனைந்தால் இடையிலுள்ள பகரத்தை வல்லொலியாகவோ மெல்லொலியாகவோ படிப்பதை ஏற்கலாம் எனக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் இன்றியமையாதது.

துணைப்பயிற்சியும் இவ்விடங்களிலிருந்தே தொடங்கத்தக்கது. வகுப்பறைகளில் 'பட்டம்' என்பது 'ப, இட், ட, இம்' என எழுத்துக்கூட்டப்படுகிறது. தேர்ந்த குழந்தை இடையில் நுழைந்த இகரங்களைத் தானே உதிர்த்துவிடும். இடர்ப்படும் குழந்தைக்கு அவையே தடையாகின்றன. 'பட்', 'டம்' என அசைகளாகப் பிரித்துக் காட்டுதல் நலம். ஒகர ஓகாரக் குறிகளை இரு துண்டுகளாகக் கற்பியாமல், 'கொ', 'தொ', 'பொ' என முழுவடிவங்களாக மணலில் வரையச் செய்யலாம். பார்வை, செவித்திறன் ஆகியவற்றின் சோதனையும், தெலுங்கோ உருதுவோ வீட்டுமொழியா என்னும் விசாரணையும் முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். சில வாரப் பயிற்சிக்குப்பின் அதே வகைச் சொற்களைக் கொண்டு மீண்டும் சோதித்தால், கற்பிக்கப்படாததால் நேர்ந்த பிழைகள் பெருமளவு நீங்கியிருக்கும். எஞ்சி நிற்பனவற்றை உளவியலாளரின் விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்.