அந்தமானில் ஸ்கூபா டைவிங் முடிச்சதும் சென்னைக்கு ஃபிளைட் ஏறலாமா? எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

மாத்தூரில் இருந்து எண்ணூர் கடல் சில கிலோமீட்டர்தான். ஆனால், ஆற்று வண்டல் கலந்து கலங்கிக் கிடக்கும் அந்த நீரில் பவளப்பாறைகளைப் பார்க்க முடியாது. பவளங்களுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெயில் படணும். அதற்கு நீர் தெளிவா இருக்கணும். அதனால்தான் ஸ்கூபா ஆசை வந்தால், சென்னைவாசிகள் பலரும் அந்தமானின் ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவுக்குக் கிளம்புகிறார்கள். டூர் பிளான் போடும்போது பலர் கவனிக்காத விஷயம், திரும்பும் விமானத்தின் நேரம்.

விமானத்தில் என்ன பிரச்னை?

கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினாலே, உடல் மீதான அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அப்போது சிலிண்டர் காற்றில் உள்ள நைட்ரஜன், வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். மேலே வந்த பிறகு, அது மூச்சு வழியாக மெதுவாகத்தான் வெளியேறும்.

அதற்குள் விமானம் ஏறினால் சிக்கல். கேபினுக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழ் பொங்குவது போல, நைட்ரஜன் குமிழ்களாக மாறலாம். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வரலாம். தீவிரமானால் பக்கவாதம், உயிராபத்து வரை போகலாம்.

எத்தனை மணி நேரம்?

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல் இது:

* ஒரே ஒரு சாதாரண டைவ்: குறைந்தது 12 மணி நேரம்
* ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ்: குறைந்தது 18 மணி நேரம்

உதாரணமாக, மதியம் 2 மணிக்கு இரண்டாவது டைவ் முடித்தவருக்கு, மறுநாள் காலை 8 மணிக்குத்தான் 18 மணி நேரம் நிறையும். 7 மணி விமானம் என்றால் ரிஸ்க்தான். முழுசா ஒரு நாள் இடைவெளி விடுவது இன்னும் பாதுகாப்பு.

ஸ்நார்க்கெலிங் செய்தால்?

நீர்மட்டத்திலேயே மிதந்து, குழாய் வழியாகச் சாதாரணக் காற்றைத்தான் சுவாசிப்போம். அதனால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பலில் திரும்புபவர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. கப்பல் கடல் மட்டத்திலேயேதான் வரும். ஆனால் பயணம் சுமார் 3 நாள்.

இதையும் கவனிங்க

* ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது பிரச்னை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஸ்கூபா வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்க்கணும்.
* மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, நுரையீரல் கிழியலாம்.
* பவளத்தின் மீது நிற்கவோ, உடைத்து எடுத்துவரவோ கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

டிக்கெட் போடும்போதே ஸ்கூபாவை டூரின் முதல் நாட்களில் வைத்துவிட்டு, ஸ்நார்க்கெலிங்கைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.