எழும்பாத குட்டி

மண்கும்பானில் ஒரு திண்ணையில் இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பனங்கட்டியைக் கடித்தபடி ஆச்சி கேட்டார்: "தம்பி, குட்டி பாலுக்கு அழுகுது. வாயில முலையை வைச்சால் உறிஞ்சுது. ஆனா எழும்பேலாமல் கிடக்குது. என்ன கோதாரி இது?"

குட்டியைத் தடவிப் பார்த்தேன். மூட்டு வீக்கமில்லை, உடம்பு சுடவுமில்லை. இருந்திருந்தால் தொப்புள் வழியாகப் புகுந்த கிருமியோ என்று யோசித்திருப்பேன். பின்னங்கால் மட்டும் விறைத்திருந்தது. தாயாட்டுக்கு என்ன போட்டீர்கள் என்றேன். ஆவணி வெயிலில் இங்கே பச்சை ஏது? சருகும் வைக்கோலும்தான் என்றார் ஆச்சி. என் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

பொரித்த எண்ணெய் சட்டியிலேயே கிடந்தால் காறல் மணம் வருமே, அது ஒட்சிசன் செய்யும் வேலை. உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் போர்த்தியிருக்கும் சவ்விலும் கொழுப்பு உண்டு. அதுவும் அப்படியே காறும். விற்றமின் ஈ அந்தக் கொழுப்புக்குள்ளேயே இருந்து கேடு பரவாமல் மறிக்கிறது. செலீனியம் குளுட்டதயோன் பெரொக்சிடேசு என்ற நொதியத்தில் சேர்ந்து, கலத்தினுள் உண்டாகும் பெரொட்சைட்டுகளை அழிக்கிறது. ஒன்று குறைந்தால் மற்றது ஓரளவு தாங்கும். இரண்டும் குறைந்தால், ஓயாமல் உழைக்கும் தசைதான் முதலில் அடிபடும். இறைச்சி அவித்த கோழிபோல வெளிறுவதால் இதை வெண்தசை நோய் என்பார்கள். இதயத்தில் வந்தால், துள்ளி ஓடின குட்டி அப்படியே விழுந்து செத்துவிடும்.

விற்றமின் ஈ பச்சைக் குழையில் தாராளம். வெயிலில் காய்ந்தால் பெரும்பகுதி போய்விடும். கருவிலிருக்கும் குட்டிக்குத் தாயிடமிருந்து அது அதிகம் கடக்காது, கடும்புப் பாலில்தான் சேரும். (மாட்டுக் கடும்பைக் காய்ச்சித் தின்ன எங்களுக்கும் ஆசைதான், கன்று குடித்து மிஞ்சினால் பார்ப்போம்.) பசு கன்று போட்டபின் இளங்கொடி விழாமல் தங்குவதற்கும் இந்தக் குறை ஒரு காரணம். விழுந்த இளங்கொடியை ஆலமரத்தில் கட்டத் தயாராக ஓலைப்பையோடு நிற்கிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும்.

செலீனியத்தின் கதை வேறு. அது மண்ணிலிருந்து வருவது. வெளியூர் வைக்கோல் அந்த ஊர் மண்ணின் அளவையே கொண்டுவரும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தம் சோதிக்க வேண்டும். 1957இல் ஆராய்ச்சியாளர் க்ளவுஸ் ஷ்வார்ஸ் செலீனியம் உடம்புக்குத் தேவை என்று காட்டும்வரை அதை நஞ்சாகவே அறிந்திருந்தார்கள். நஞ்சு என்பதும் பொய்யல்ல. பஞ்சாப்பில் செலீனியம் மிகுந்த நிலங்களில் மேயும் மாடுகளுக்குக் குளம்பு வெடித்து மயிர் உதிர்கிறது. 2009இல் புளோரிடாவில், ஊட்ட ஊசியில் செலீனியம் பிழையாக மிகுந்துபோய் 21 போலோக் குதிரைகள் செத்தன. தீனியில் தேவைப்படுவது கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம், சில மில்லிகிராம் ஆனாலே ஆபத்து.

அதனால் ஆச்சி, சினை ஆட்டுக்குக் கோடையிலும் வேலிப் பூவரசிலும் முள்முருக்கிலும் இரண்டு கொப்பு வெட்டிப் போடுங்கள். குட்டியை இன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். குட்டியின் நிறை கேட்காமல் யாராவது செலீனிய ஊசி ஏற்ற வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.