மூப்பியல் ஆய்வும் ஆசிரியர் வழியும்

நல்லாசிரியன், நன்மாணாக்கன் ஆகியோரின் இலக்கணத்தை நன்னூலின் பொதுப்பாயிரம் விரித்துரைக்கும். முன்னோர் பலரையுடைய துறைக்கு அது சாலப் பொருந்தும். முன்னோரில்லாப் புதுத்துறையிற் புகும் இளைஞன் யாரை அடுத்துக் கற்பான்? மூப்பியல் அத்தகையதொரு துறையாகும்.

ஆசிரியர் வழி இத்துறைக்குப் பிறவற்றினும் இன்றியமையாதது. மனிதர் மூப்படையும் வகையை அறிய அவர்களையே பல்லாண்டு பின்தொடர்தல் வேண்டும். தொடங்கியவரின் வாழ்நாள் அதற்குப் போதாது. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் 1958இல் நேதன் ஷொக் முதலியோர் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, 1989இல் அவர் மறைந்த பின்னும் இளையோர் கையில் வளர்ந்தது.

நோயாளியின் அருகிருந்தே கற்கவேண்டியனவும் உள. முதியவர்க்கு மாரடைப்பு நெஞ்சுநோவின்றி வெறும் மனத்தடுமாற்றமாகத் தோன்றலாம். நூல் இதனைக் கூறும். ஆயினும் கண்டு காட்டுவார் வேண்டும். சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் 1978இல் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் வைத்தியர் வி. எஸ். நடராஜன். சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம்.டி. வகுப்பு ஏற்பட்டதோ 1996இல். வழித்தோன்றல்களை முறையாகப் பயிற்றுவிக்க 18 ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று!

நம் நாட்டின் நிலை யாது? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதை அடைந்தோர் 12.4 விழுக்காட்டினர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளைக் கடல்கடக்க விட்டுத் தனித்திருக்கும் தமிழ் முதியோர் பலர். அவர்தம் நினைவாற்றலை அளக்கப் புகும் இளம் ஆய்வாளர் ஆங்கில வினாக்களை அப்படியே மொழிபெயர்ப்பாராயின், பள்ளிப்படிப்புக் குறைந்த மூதாட்டி எழுத்துக்கூட்ட அறியாமையை மறதிநோயெனக் கொள்ள நேரும். அவ்வேளை தடுத்துத் திருத்த அனுபவம் மிக்கார் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். மாணாக்கரின் கட்டுரையிலே தம் பெயரை முன்னிடுதலே வழிகாட்டலெனக் கருதுவோர் அதற்கு உதவார்.